குடித்தது, போனது

ஜூன் 4, செவ்வாய்

இன்றைக்கு டயாலிசிஸுக்கு முன்னால் எடை பார்த்ததும் ஜெபராணி சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் இவர் மூன்று கிலோ ஏறியிருக்கிறார். அத்தனையும் தண்ணீராம். கிட்னி வெளியே தள்ளாத தண்ணீர் முதலில் காலில் தேங்கும், அப்புறம் நெஞ்சுக்கு ஏறி மூச்சை அடைக்கும் என்று சொல்லிவிட்டு, இன்றைக்கே ஒரு நோட்டு போடச் சொன்னார். குடித்தது எவ்வளவு, போனது எவ்வளவு, இரண்டையும் அளந்து எழுத வேண்டும். போனது என்றால் மூத்திரம்தான். முந்தின நாள் போனதோடு ஐந்நூறு மில்லி சேர்த்தால் என்ன வருகிறதோ, அவ்வளவுதான் இவர் அன்றைக்குக் குடிக்கலாம்.

மகள் மகிழினி மதுரையில் காலேஜுக்குப் போகும்போது விட்டுப்போன பிசிக்ஸ் நோட்டில் பாதிக்கு மேல் வெள்ளையாகக் கிடந்தது. எழுதியதைக் கிழித்துவிட்டு எடுத்துக்கொண்டேன். முன்பக்கம் சிஸ்டருக்கு. பின்பக்கத்திலிருந்து திருப்பி எழுதினால் எனக்கு. யாரிடமாவது கொட்டாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். நோட்டை யாரும் புரட்டப் போவதில்லை. இவர் தினத்தாளிலேயே படம் மட்டும் பார்க்கிற ஆள்.

இவர் பூவலிங்கம், நாற்பத்தெட்டு வயது. கோவில்பட்டியில் மினிபஸ் ஓட்டினார். முதுகு வலிக்கிறது என்று இருபது வருஷமாகக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கினார். பிரஷர் மாத்திரை தலையைச் சுற்றுகிறது என்று அதை மட்டும் நிறுத்தினார். ட்ரிப்புக்கு நடுவில் இறங்க முடியாது என்று ஒன்றுக்கை அடக்கி அடக்கி வைத்ததால்தான் இப்படி ஆயிற்று என்று நான் நினைத்திருந்தேன். டாக்டர் இல்லை என்றார். பிரஷரும் வலி மாத்திரையும் சேர்ந்து இரண்டு கிட்னியையும் சுருக்கிவிட்டன. இனி வேறொருவர் கிட்னி வைத்தால்தான் வழி.

என்னுடையது பொருந்தாது. ஏப்ரலிலேயே பார்த்தாயிற்று. எனக்கு பி குரூப், இவருக்கு ஓ. அதைப்பற்றி எழுத ஒன்றும் இல்லை.

குடித்தது 700. போனது 180.

ஜூன் 5, புதன்

குடித்தது 680. போனது 170. ஊறுகாய் கேட்டார். உப்பு ஆகாது என்றேன். தட்டைத் தள்ளிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். பட்டுப் பிளவுஸ் ஒன்று முடித்தேன்.

ஜூன் 7, வெள்ளி

டயாலிசிஸுக்குப் போகிற வழியில் திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டில் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து, "ஒவ்வொருத்தனும் சர்ருனு போயிட்டுப் போறான் செம்பகம். பாத்தா பொறாமையா இருக்கு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மெஷினில் படுத்திருக்கும்போது இவருடைய அக்காவிடமிருந்து போன் வந்தது. ராஜகனி. ஐம்பத்து நாலு வயது, சாத்தூரில் இட்லிக்கடை. புருஷன் போய் ஆறு வருஷம், பிள்ளை கிடையாது. "என் கிட்னியை எடுத்துக்கடா" என்றாளாம். அப்படியே, பழைய சேலை ஒன்று இருக்கிறது எடுத்துக்கொள் என்கிற மாதிரி. அவளுக்கும் ஓ குரூப்தானாம், பார்த்துவிட்டுத்தான் போன் செய்கிறாளாம்.

இவர் அழுதார். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து பார்க்கிற அளவுக்கு அழுதார். கட்டி வந்து இருபத்திரண்டு வருஷம், இவர் அழுது நான் பார்த்ததே இல்லை. ஏப்ரலில் எனக்குப் பொருந்தவில்லை என்று சொன்னபோது "சரி விடு" என்று சொல்லிவிட்டுச் செய்தி பார்க்கப் போய்விட்டார்.

முகத்துக்கு முன்னால் நான் அவளை மதினி, வாங்க, போங்க என்றுதான் பேசுவேன். இந்தப் பின்பக்கத்திலாவது அவள் என்று எழுதிக்கொள்கிறேன். எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு நாலு ஜோசியரைப் பார்த்து, பத்தில் ஐந்துதான் பொருத்தம், இந்தப் பெண் வேண்டாம் என்று சொன்ன மகராசி அவள். இப்போது அவளுக்குத்தான் பொருத்தம்.

குடித்தது 670. போனது 150.

ஜூன் 9, ஞாயிறு

வந்து இறங்கிவிட்டாள். டெஸ்ட் எல்லாம் முடிகிறவரை இங்கேதான் இருப்பாளாம். கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறாள். பை ஒன்று, நுங்குக் குலை இரண்டு.

வந்தவள் கை கால் கழுவவில்லை, நேராக இவர் பக்கத்தில் உட்கார்ந்து நுங்கைச் சீவிச் சீவி எடுத்துக் கொடுக்கிறாள். இவர் சின்னப்பிள்ளை மாதிரி வாயைத் திறக்கிறார். நான் செய்கிற எதையும் உப்பில்லை, ருசியில்லை என்று ஒதுக்குகிறவர் பன்னிரண்டு நுங்கு தின்றார். தண்ணீர்க் கணக்கு இருக்கிறதே என்று நான் மெல்ல இழுத்தேன். "குடிக்கலியே, தின்னுதானே இருக்கான்" என்றாள். அதுவும் சரிதானே என்று எனக்கும் பட்டது. நோட்டில் தின்றதற்குக் கோடு கிடையாது.

இரண்டு பேரும் அவர்கள் அப்பாவின் அரிசி மில்லைப் பற்றிப் பேசிச் சிரிக்கிறார்கள். அந்தக் கதை எதிலும் நான் இல்லை. தையல் மெஷினை வேகமாக மிதித்துக்கொண்டிருந்தேன். நூல் மூன்று தடவை அறுந்தது.

குடித்தது 650. போனது 140.

ஜூன் 11, செவ்வாய்

பஸ்ஸிலேயே மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குள் பிடித்துக்கொண்டுதான் நடத்திக் கூட்டிப் போனோம். எடை நாலு கிலோ இருநூறு ஏறியிருந்தது. ஜெபராணி சிஸ்டர் நோட்டைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், பொய் எழுதுறீங்களாம்மா என்று என்னிடம் பாய்ந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அளந்து அளந்து ஊற்றுகிறவள் நான். நுங்கு தின்றார் சிஸ்டர், அவ்வளவுதான் என்றேன். எத்தனை என்றார். ஞாயிறும் திங்களும் சேர்த்து இருபத்தைந்து இருக்கும்.

"நுங்குல என்ன இருக்கு, தண்ணிதானே? ரசம் தண்ணி, கஞ்சி தண்ணி, ஐஸு தண்ணி. தின்னாலும் தண்ணி தண்ணிதான்" என்று மதினியை நிற்க வைத்துத் திட்டினார். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நான் ஒரு வார்த்தை பரிந்து பேசவில்லை. பேசாமல் நின்றதில் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை இங்கே எழுதிவிடுகிறேன்.

அந்தச் சந்தோஷம் ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை. மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்த மனுஷர், "திட்டாதீங்க சிஸ்டர், அவ என் சிஸ்டர்" என்றார். வார்டே சிரித்தது. ஜெபராணி சிஸ்டரும் சிரித்தார். போகும்போது மதினியின் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். திட்டு வாங்கியதற்குக்கூட அவளுக்குத்தான் தட்டிக்கொடுப்பு.

முன்பக்கத்தில் தின்றது என்று மூன்றாவது கோடு போட்டேன். போனது 110.

ஜூன் 13, வியாழன்

இதை எழுதாமல் இருக்க முடியாது.

பிப்ரவரியில் இவருடைய இடது கையில் டயாலிசிஸுக்காக இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்தார்கள். அந்த இடத்தில் காதை வைத்தால் விர்ர் என்று ஒரு சத்தம் ஓடும். என் தையல் மெஷின் மோட்டாரைச் சும்மா ஓடவிட்ட மாதிரி இருக்கும். அந்தச் சத்தம் நின்றுபோனால் உடனே ஓடி வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். தினமும் காலையில் எழுந்ததும் நான்தான் காதை வைத்துக் கேட்பேன். இவர் தூக்கக் கலக்கத்தில் என் தலையில் கையை வைத்துக்கொள்வார். நாங்கள் சண்டை போட்டுக்கொண்ட நாளிலும் அது மட்டும் நடக்கும்.

இன்று பால் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தால் மதினி காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். "அப்பா மில்லு மோட்டார் மாதிரில்லா இருக்கு" என்கிறாள். இவர் கை அவள் தலையில் இருக்கிறது.

வயிறு எரிந்தது. பால் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகத்தான் வைத்தேன். காப்பி போடும்போது நினைத்துக்கொண்டேன், இதற்கே இப்படி இருக்கிறதே, நாளைக்கு அவள் கிட்னியை இவருக்குள் வைத்துத் தைத்துவிட்டால் அப்புறம் நான் எந்த இடத்தில் காதை வைப்பேன்?

ஜூன் 16, ஞாயிறு

எதிர் வீட்டுப் பாக்கியத்தாய் பிளவுஸ் வாங்க வந்தவள், மதினியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான். "கொடுத்து வச்சவரு உங்க வீட்டுக்காரரு. யாருக்கு இப்படி ஒரு அக்கா கிடைக்கும்?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உனக்குத்தான் பொருந்தலியே, நீ என்ன செய்வ, பாவம்" என்றாள்.

இந்தத் தெருவில் இன்றோடு நாலு பேர் அந்தக் கொடுத்து வச்சவரைச் சொல்லிவிட்டார்கள். நாலு மாதமாக இவரோடு ஆஸ்பத்திரிக்கு அலைந்து, இப்போது மூத்திரத்தையும் அளந்து ஊற்றுகிற என்னை ஒருத்தியும் ஒன்றும் சொல்லவில்லை.

பாக்கியத்தாயின் பிளவுஸுக்குக் கை இறுக்கமாக வைத்துத் தைத்துவிட்டேன். வேண்டுமென்று இல்லை. குடித்தது 600. போனது 100.

ஜூன் 20, வியாழன்

மதினி தன் பிளவுஸ் துணியைக் கொடுத்து, "ஆபரேசன் பண்ணா விலாவுல தையல் இருக்குமாம். நல்லா லூசா, இறக்கமா தச்சுக் குடு" என்றாள். அளவு எடுத்தேன். கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். இந்தப் பக்கம் எடுப்பாகளா அந்தப் பக்கம் எடுப்பாகளா என்று ஏதோ முறுக்குப் பிழிகிறதைப் பற்றிக் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள். விலா அளவை நான்தான் இரண்டு தடவை தப்பாக எடுத்தேன்.

எங்கம்மா கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு ஆட்டோவில் சிரித்துக்கொண்டு ஏறிப் போனாள். சாதாரண ஆபரேஷன் என்றுதான் சொன்னார்கள். நான் பிளாஸ்கில் ஹார்லிக்ஸ் ஊற்றி வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தேன். ஹார்லிக்ஸ் ஆறிப்போயிற்று.

பயமா இல்லையா மதினி என்று கேட்டேன். "என்ன பயம்? ஒண்ணு போனா ஒண்ணு இருக்கும்ல" என்றாள். எல்லாருக்கும் அந்தத் தைரியம் இருக்காது. அவளுக்கு இருக்கிறது. அதற்கும் சேர்த்துத்தான் எனக்கு எரிகிறது.

ஜூன் 25, செவ்வாய்

நல்ல பொருத்தம் என்று டாக்டர் சொன்னார். உடன்பிறப்பு என்பதால் ரொம்பவே நன்றாகச் சேர்கிறதாம். இவர் என்னைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தார்.

ஃபைலைப் புரட்டிக்கொண்டே, உங்கள் பிளட் ரிப்போர்ட் இதில் இல்லையே அம்மா, ஏப்ரலில் சீட்டு எழுதிக் கொடுத்தேனே என்றார் டாக்டர். தொலைந்துவிட்டது சார் என்றேன். பரவாயில்லை, அக்காவுக்குத்தான் சேர்ந்துவிட்டதே என்று மூடிவிட்டார். மதினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். எதற்குப் பார்த்தாள் என்று தெரியவில்லை.

குடித்தது 580. போனது 80. இது இப்படியே குறைந்துகொண்டு போய் ஒரு நாள் நின்றுவிடும் என்கிறார் சிஸ்டர். ஹார்ட் ஏற்கெனவே வீங்கியிருக்கிறது, ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள் என்றும் சொன்னார்.

ஜூலை 1, திங்கள்

மதினிக்கு இன்று கேன் நாள். லேபில் ஐந்து லிட்டர் வெள்ளைக் கேன் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். காலை ஆறு மணிக்கு முதலில் போவதைக் கீழே விட்டுவிட வேண்டும். அதற்கப்புறம் மறுநாள் காலை ஆறு மணிவரை ஒரு சொட்டு விடாமல் கேனில் பிடிக்க வேண்டும், மறுநாள் முதல் தடவையும் சேர்த்து. கிட்னி எவ்வளவு சுத்தம் செய்கிறது, புரதம் ஒழுகுகிறதா என்றெல்லாம் அதில் தெரிந்துவிடுமாம். "இதையெல்லாம் போயி புடிச்சு வைக்கச் சொல்றாகளே" என்று மதினிக்கு வெட்கம். கேனுக்கு மேலே துண்டு போட்டு மூடி வைத்திருக்கிறாள்.

மத்தியானம் அவள் படுத்திருந்தபோது துணி துவைக்கப் போனவள் துண்டைத் தூக்கிப் பார்த்தேன். பாதி நாளைக்குள் ஒன்றே கால் லிட்டர். இவருக்குப் பதினைந்து நாளில் போவது. அவள் பாட்டுக்கு வருகிறாள், போகிறாள், நிறைகிறது.

என்னுடையது எவ்வளவு இருக்கும் என்று தோன்றியது. இவருக்கு அளக்கிற ஜாடியை எடுத்து அளந்து பார்த்தேன். முந்நூற்றைம்பது. வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. உடனே கொட்டிக் கழுவி வைத்துவிட்டேன். எதற்காகச் செய்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

ஜூலை 5, வெள்ளி

மதினி கிட்னி ஆகாது.

புரதம் ஒழுகுகிறதாம். சர்க்கரையும் இருக்கிறதாம், அவளுக்கே தெரியாமல் எத்தனை வருஷமோ. வாழ்க்கையில் முதல் தடவையாக இப்போதுதான் டெஸ்ட் எடுத்திருக்கிறாள். உங்களுக்கு இருக்கிற இரண்டும் உங்களுக்கே பத்திரமாக இருக்க வேண்டும் அம்மா, ஒன்றை எடுக்கச் சொன்னால் நான் டாக்டரே இல்லை என்றார்.

நான் உண்மையை எழுதுகிறேன். டாக்டர் அதைச் சொன்ன நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்பாடா, இவளுக்கும் பொருந்தவில்லை என்று நெஞ்சு துள்ளியது. அடுத்த நிமிஷம் இவர் முகத்தைப் பார்த்தேன்.

மதினி லிப்ட் பக்கத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதாள். இவர்தான் போய்ச் சமாதானம் சொன்னார். ஊசி குத்திக் குத்தி நீலம் பாரித்த கையால் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் பையைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றேன். இன்றைக்கு என்ன குடித்தார், என்ன போனது என்று தெரியவில்லை. எழுதவில்லை.

ஜூலை 6, சனி

ஏப்ரல் 17 அன்று டாக்டர் கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு நான் லேபுக்குப் போகவில்லை. வாசல்வரை போனேன். உள்ளே ஸ்ட்ரெச்சரில் ஒருத்தியைத் தள்ளிக்கொண்டு போனார்கள், எங்கம்மா மாதிரியே கொண்டை போட்டிருந்தாள். திரும்பி நடந்து பஸ் ஸ்டாண்ட் எதிரில் ஜூஸ் கடையில் உட்கார்ந்து சாத்துக்குடி ஜூஸ் குடித்தேன். ஒரு மணி நேரம் கழித்து வந்து, பி குரூப்பாம், சேராதாம் என்று சொன்னேன். மகிழினி நான் கொடுக்கிறேன் என்று துள்ளினாள். படிக்கிற பிள்ளை பேசாமல் இரு என்று இவர் அதட்டிவிட்டார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எனக்கு ஓ பாசிட்டிவ். எனக்குத் தெரியும்.

ஜூலை 8, திங்கள்

மதினி சாத்தூருக்குக் கிளம்பினார். இவர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். நான் தைத்து முடித்திருந்த லூஸ் பிளவுஸை எடுத்து நீட்டினேன். வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தையல் மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஏட்டி செம்பகம், உனக்கு ஓ பாசிட்டிவ்னு எனக்குத் தெரியும்" என்றார்.

நான் கீழே கிடந்த நூல்கண்டைக் குனிந்து எடுத்தேன்.

"மகிழினியைப் பெத்த அன்னைக்கு உனக்கு ரத்தம் நிக்காம போச்சே. சீட்டைக் கையில வச்சுக்கிட்டு ஊரெல்லாம் அலைஞ்சது நான்தான். ஒரு பாட்டிலு உங்க அண்ணன் குடுத்தாக." அண்ணன் என்றது அவர் வீட்டுக்காரரை.

உங்கள் தம்பியிடம் ஏன் சொல்லவில்லை மதினி என்று கேட்டேன்.

"சொல்லி? பயம் வந்தா வந்ததுதான். உங்கம்மா போனது எனக்குத் தெரியாதா? நான் குடுத்துட்டா யாருக்கும் தெரியாமலே போயிரும்னு பாத்தேன். நம்ம நேரம், என்னால ஆகலை." எழுந்து பையை எடுத்துக்கொண்டார். "நீ குடுன்னு நான் சொல்ல மாட்டேன். அவன் கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, நுங்கு வாங்கிக் கொடுத்துவிடாதே என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

ஆட்டோ போன பிறகும் நின்றுகொண்டே இருந்தேன். ஒரு மாதமாக நான் கரித்துக் கொட்டிய அத்தனை நாளும் என் பொய்யை மடியில் கட்டிக்கொண்டு இந்த வீட்டில் வளைய வந்திருக்கிறார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதிலும் என்னை முந்திவிட்டாரே என்றுதான் முதலில் தோன்றியது. என் புத்தி அப்படி. அப்புறம்தான் அழுகை வந்தது.

குடித்தது 550. போனது 60.

ஜூலை 9, செவ்வாய்

பஸ்ஸில் கயத்தாறு தாண்டியதும் சொல்லிவிட்டேன். வீட்டில் சொன்னால் இவர் எழுந்து போய்விடுவார். பஸ்ஸில் எங்கே போவார்? எனக்கும் ஓ பாசிட்டிவ்தான், அன்றைக்கு லேபுக்குப் போகவில்லை, ஜூஸ் குடித்துவிட்டு வந்தேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

தாழையூத்து வருகிறவரை இவர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த கை மட்டும் இறுகியிருந்தது. பிறகு, "மூணு மாசம்" என்றார்.

ஆமாம் என்றேன்.

"மூணு மாசம்டி செம்பகம்."

மெஷினில் படுத்திருந்த நாலு மணி நேரமும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியே வைத்திருந்தார். நான் டாக்டர் அறை வாசலில் போய் உட்கார்ந்தேன். என் முறை வந்தது. உள்ளே போனேன்.

ஜூலை 10, புதன்

காலையில் காதை வைக்கப் போனேன். கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். போர்வைக்கு மேலேயே விரலை வைத்துப் பார்த்தேன், ஓடுகிறது.

குடித்தது 540. போனது 40.

ஜூலை 12, வெள்ளி

ரத்தம் எடுத்தார்கள். ஆறு குழாய். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஜெபராணி சிஸ்டர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஊசி குத்தியதே தெரியவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், நன்றாக வலித்தது.

ஒரு ஃபாரம் நிரப்பினார்கள். கல் வந்திருக்கிறதா? இல்லை. அடிக்கடி நீர்க்கடுப்பு வருமா? வெயிலில் எப்போதாவது. மூத்திரத்தில் ரத்தம்? இல்லை. எரிச்சல் உண்டா?

"இப்போ இல்ல சிஸ்டர்" என்றேன். முன்னால் எவ்வளவு நாள் இருந்தது, சிகிச்சை எடுத்தீங்களா என்று பேனாவோடு நிமிர்ந்தார். அது வேறு எரிச்சல், எழுத வேண்டாம் என்றேன்.

மகிழினிக்குப் போன் செய்து சொன்னேன். அப்பா என்னம்மா சொன்னாங்க என்றாள். அப்பா பேசுவதில்லை என்று சொல்லவில்லை.

ஜூலை 15, திங்கள்

ஆறில் மூன்று பொருத்தம். புருஷன் பெண்டாட்டிக்கு இது தாராளம், இப்போது இருக்கிற மருந்துக்கு இதைவிடக் குறைவாக இருந்தாலும் வைக்கலாம் என்றார் டாக்டர். மதினிக்குப் போன் செய்து, ஜோசியர் சொன்ன மாதிரி பாதிக்குப் பாதிதான் மதினி என்றேன். அந்தப் பக்கம் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. ஜோசியன் கிடக்கான் என்றார்.

இவருக்கு நான் நேராகச் சொல்லவில்லை. போனில் சத்தமாகப் பேசினேன். கேட்டிருப்பார்.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்துவிட்டது. எனக்குக் கேன் நாள். மதினி காலை ஐந்தரைக்கே போன் செய்து, "முதத் தடவை போறதைக் கீழ விட்டுரு, மறந்துராத" என்றார். இல்லாவிட்டால் மறந்திருப்பேன்.

தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கிறேன். இவர் எதிரில் குடிக்கக் கூச்சமாக இருந்தது. அடுப்படியில் நின்று குடித்தேன். இவர் அரைத் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நாக்கை நனைத்து நனைத்து அரை மணி நேரம் ஓட்டுகிறார். நான் மடக் மடக்கென்று குடித்துவிட்டுப் போய்ப் போய் வருகிறேன். ஒவ்வொரு தடவையும் இவர் தலையைத் தூக்கிப் பார்க்கிறார்.

ஜூலை 18, வியாழன்

காலை ஆறு மணிக்குக் கடைசித் தடவையும் பிடித்து மூடியைத் திருகிவிட்டேன். கேனை வெளியே கொண்டுவந்து வாசல்படியில் வைத்துவிட்டு லேபுக்கு எடுத்துப்போகப் பை தேடினேன். திரும்பி வந்தால் இவர் அதன் பக்கத்தில் குந்தியிருந்தார். மேலே போட்டிருந்த துண்டை எடுத்துவிட்டு, கேனை லேசாக வெயில் பக்கம் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நேற்று முழுக்க இவருக்குப் போனது முப்பது.

கேனின் பக்கத்திலிருந்த கோடுகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். இரண்டு லிட்டர் இருநூறு.

"ஒரே நாள்லயா?" என்றார்.

ஆமாம் என்றேன். ஒன்பது நாள் கழித்துச் சாப்பாட்டைப் பற்றி இல்லாமல் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

நோட்டை எடுத்து முன்பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு பேனா கேட்டார். போனது என்ற கோட்டுக்குக் கீழே தன்னுடைய முப்பதுக்குப் பக்கத்தில் 2200 என்று எழுதினார். செண்பகம் என்றும் எழுதினார், மூன்று சுழி ண போட வேண்டிய இடத்தில் இரண்டு சுழி போட்டு. இரண்டு எண்ணையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பஸ் ஸ்டாண்ட் கழிப்பறையிலிருந்து வந்த அன்றைக்கு இருந்த அதே முகம்.

"கொடுத்து வச்சவடி நீ" என்றார்.

கேனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

"இன்னும் கொடுக்கலை" என்றேன். "கொடுத்துட்டு வாரேன், அப்ப சொல்லுங்க."

இவர் இடது கையை நீட்டினார். எழுந்திருக்கப் பிடித்துக்கொள்ளத்தான் நீட்டினார். நான் கேனைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து காதை வைத்தேன்.